குப்பைமேட்டுத் தண்ணிக்கு ஒரு புல்லுப் பாத்தி போடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மாரி துவங்கினா எங்கட பக்கத்துக் குப்பைமேட்டில இருந்து சாயத்தண்ணி மாதிரிக் கறுத்த தண்ணி வழிஞ்சு ரோட்டோர வாய்க்காலுக்க இறங்குது, நாத்தம் தாங்கேலாது. நாத்தத்த விடுங்கோ, அது எங்க போகுது எண்டதுதான் என்ர பயம். யாழ்ப்பாணத்தில எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியோட சரி, குடிக்கிறது தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் நிலத்தடித் தண்ணிதான். கீழ கிடக்கிறது வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லு, மேல ஊத்தினது வடிபடாமலே கிணத்துக்கு வந்திடும். கிணத்துக்க எண்ணெய் கலந்து தண்ணி கொண்டுவாற பவுசருக்கு வாளியோட நிண்ட கதைய சுன்னாகம் ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ.

இதுக்குக் கோடிக்கணக்கில மெசின் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்ல. ரெண்டடி ஆழத்துக்குப் பாத்தி வெட்டி, அடியில தடிச்ச பொலித்தீன் விரிச்சு, சல்லிக்கல்லு நிரப்பி, சம்பு, நாணல், வெட்டிவேர், கல்வாழை நட்டு, அந்தத் தண்ணிய அதுக்குள்ளால மெதுவா விடுறது. கன நாடுகளில செய்யினம். வேலை செய்யிறது செடி மட்டுமில்ல, வேரில ஒட்டியிருக்கிற பக்டீரியாதான் கனக்கச் செய்யிது. வேருக்கால கொஞ்சம் ஒக்சிசன் போக குப்பைத் தண்ணியில இருக்கிற அமோனியா நைட்ரேட்டா மாறும், ஒக்சிசன் இல்லாத பக்கத்தில அந்த நைட்ரேட் வெறும் நைதரசனாகிக் காத்தோட போயிடும். உரம் போட்டுப் போட்டு ஏற்கனவே கிணறுகளில நைட்ரேட் கூடிக் கிடக்கிற எங்களுக்கு இது சின்ன விஷயமில்ல. ஈயம் மாதிரி உலோகங்களும் கொஞ்சம் சல்லியிலயும் வேரிலயும் தங்கிடும்.

ஆனா சும்மா நட்டா சரி எண்டு நினைக்கக்கூடாது. புதுக் குப்பைத் தண்ணி கடுமையானது, நேர விட்டா அமோனியாவே செடிய எரிச்சுப்போடும், அதால முதல்ல ஒரு குளத்தில தேக்கி காத்துப் பட வைச்சு, தேவைப்பட்டா தண்ணி கலந்துதான் விடவேணும். அடிவிரிப்பு இல்லாட்டி எங்கட கல்லுக்கு அது பாத்தியில்ல, கிணத்துக்கு வழி. வெட்டுற புல்ல மாட்டுக்குப் போடவே கூடாது. வெளிய வாற தண்ணிய மாசாமாசம் டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட ஊருக்குத் தெரியிற மாதிரி ஒட்டவும் வேணும்.

பொறுப்பான ஆக்கள் வாற மாரிக்கு முன்னம் ஒரு பாத்தியாவது போட்டுப் பாக்கட்டும். எங்கட வளவுக்கரையில வெட்டிவேர் கனக்க நிக்குது, கேட்டா குத்துப் பிரிச்சு நானே கொண்டுவந்து தாறன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாழ்ப்பாணம்