மாங்கனிக் கண்காட்சியில் பழம் ஏன் கறுக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி, இந்த ஊர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த 1990களிலேயே தொடங்கியது. 2004-இல் மாவட்டம் பிரிந்த பிறகும் கிருஷ்ணகிரியின் பெருமையாகவே தொடர்கிறது. ராட்டினத்துக்கும் மேடை நிகழ்ச்சிக்கும் குடும்பத்தோடு வருகிறவர்கள்கூட மாங்கனி அரங்கை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவார்கள். செந்தூரா, மல்கோவா, பீத்தர், இமாம்பசந்த், காலாப்பாடு, கிளிமூக்கு பெங்களூரா என எல்லாம் ஒரே கூரையின்கீழ் தட்டுத் தட்டாக இருக்கும் காட்சி அருமையானது. ஆனால் இரண்டு மூன்று நாளிலேயே பல பழங்கள் காம்படியில் கறுத்துக் குழைந்துவிடுகின்றன. இதைத் தடுக்க முடியும்.

முதல் தவறு, நிறம் ஏறட்டும் என்று மரத்திலேயே பழுக்க விடுவது. காம்பைச் சுற்றித் தோள் உப்பி, காம்படி குழி விழுந்ததும் பறித்துவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் அமிழும், பிஞ்சு மிதக்கும். முற்றிய காய் வைக்கோலில் ஐந்தாறு நாளில் தானாகப் பழுக்கும். அந்தக் கணக்கில் பறித்தால் கண்காட்சி நாளுக்குச் சரியாக இருக்கும். கார்பைடு கல் வேண்டவே வேண்டாம். அது தடை செய்யப்பட்டது. தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பும் வெள்ளையும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது தவறு, காம்பை ஒட்ட ஒடிப்பது. பீறிட்டு வரும் பால் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து கறுக்கும். இரண்டு விரற்கடை காம்பு விட்டு வெட்டிக் கொண்டுவந்து, பிறகு காம்பை நறுக்கிப் பழத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாலை வடிய விட வேண்டும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. ஆந்த்ராக்னோஸ் பூஞ்சாணம் பிஞ்சிலேயே புகுந்து, காய் பழுக்கும்வரை சும்மா இருக்கும். பறித்த அன்றே 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் அமிழ்த்தி நிழலில் உலர்த்தினால் கரும்புள்ளி வெகுவாகக் குறையும். சூடு 55-ஐத் தாண்டினால் தோலே வெந்துவிடும். அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

கண்காட்சி பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வருகிறது. செந்தூராவும் அல்போன்சாவும் அதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். நீலம்தான் கடைசிவரை நிற்கும். முன்பருவ ரகத்தின் தட்டு காலியாக இருந்தால் குறையில்லை. வாடிய பழத்தை வைப்பதைவிட, நல்ல படத்தோடு ‘இதன் பருவம் மே மாதம்’ என்று எழுதி வைப்பது மேல்.

கண்காட்சியைப் பார்த்த கையோடு சந்தூர் பக்கம் ஒட்டுக்கன்று (நாட்டு மாங்கன்றின் தண்டில் நல்ல ரகத்தின் கிளையை ஒட்டியது) வாங்கப் போகிறவர்களும் உண்டு. ஒட்டுக் கட்டிய இடம் தண்டில் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நடும்போது அந்த இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கட்டிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால் அறுத்துவிடுங்கள். இல்லையேல் தண்டை இறுக்கிவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ள வேண்டும். விட்டால் சில ஆண்டு கழித்துக் காய்ப்பது நாட்டு மா! முதல் மூன்று ஆண்டு பூவையும் உதிர்த்துவிடுங்கள். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு, நீலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட குட்டை ரகமான பையூர் 1 ஏற்றது.

அரங்கின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு வெந்நீர்த் தொட்டி, ஓர் ஒட்டுக் கத்தி போதும். இவை அனைத்தையும் தினம் ஒரு மணி நேரம் செய்தே காட்டலாம். வரும் ஆண்டிலேயே ஏற்பாட்டாளர்கள் இதற்கு இடம் ஒதுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மா விவசாயிகள்,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.