நடுக்கடல் என்று சொன்னேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. மெயிலில் எழுது, நெட் கிடைக்கும்போது படிப்பான் என்று சயின்ஸ் டீச்சர் சொன்னாள். அவசரமில்லை. வாட்ச் வேலை முறை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி. இன்ஜின் ரூமில் காதுக்கு மஃப் போடுகிறாயா? போன மாதம் பேசியபோது மூன்று தடவை "என்ன? என்ன?" என்று கேட்டாய். சிக்னல் கோளாறு என்று நீ சொன்னாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு செய்தி. நானும் கப்பல் ஏறிவிட்டேன்.

கணக்கு டீச்சருக்கு எழுபது நிறைந்ததற்கு அவள் மகள் செய்த ஏற்பாடு. நான், கணக்கு, சயின்ஸ், பி.டி. டீச்சர், நான்கு பேரும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், அங்கிருந்து கார்டிலியா எம்ப்ரஸ் என்ற சுற்றுலாக் கப்பல். சாயங்காலம் கிளம்பி, மறுநாள் முழுக்கக் கடலிலேயே இருந்து, அதற்கடுத்த நாள் காலை சென்னைக்கே திரும்புகிற பயணம். ஒரு ஊரும் பார்க்காமல் கடலை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கா இவ்வளவு பணம் என்று சித்தப்பா கேட்டார். அப்பா இருந்திருந்தால் அவரே முதல் ஆளாகக் கிளம்பியிருப்பார். 2011-ல் நம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்களே, அதில் போவோம் என்று எத்தனை தடவை கேட்டார். காலாண்டுப் பரீட்சை முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று நான்தான் தள்ளிக்கொண்டே போனேன். சில மாதத்தில் அந்தக் கப்பலே நின்றுபோயிற்று. வ.உ.சி. 1906-ல் கம்பெனி தொடங்கியதையும், காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கியதையும் முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அப்போதெல்லாம் கப்பல் தரையில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

1990-ல் ஓடத் தொடங்கிய கப்பல். உன்னைவிட நாலு வயசு மூத்தது. 48,563 டன் என்றதும் பி.டி. டீச்சர் அசந்துபோனாள். அது எடை இல்லை, கப்பலின் உள்ளளவுக்கான கணக்கு என்று நான் சொன்னேன். நீ முதல் வருஷம் லீவில் வந்தபோது சமையற்கட்டில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது. என் மகன் தேர்ட் இன்ஜினியர் என்று சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஆபத்து என்று ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று கிளம்பும் முன் கூட்டிவைத்துச் சொன்னார்கள். அதையும் நீ முன்பே சொல்லியிருக்கிறாய்.

துறைமுகத்தைத் தாண்டியதும், அதுவரை கப்பலுக்கு வழிகாட்டி வந்த பைலட் கயிற்று ஏணியில் இறங்கி ஒரு சின்னப் படகில் போனார். அவர் தலை மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாளைப் பற்றித்தான் உனக்கு நிறையச் சொல்ல வேண்டும். ஐந்தரைக்கு மேல்தளத்துக்குப் போய்விட்டோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லை. முதல் நாள் பச்சையாகக் கலங்கிக் கிடந்த தண்ணீர் பேனாவுக்கு ஊற்றுகிற ராயல் ப்ளூவாக மாறியிருந்தது. வங்காள விரிகுடாவின் சராசரி ஆழமே 2,600 மீட்டர் என்றாள் சயின்ஸ். கோலா மீன் கூட்டமாக எழும்பி, வெள்ளிக் காசை விசிறினாற்போல் பறந்து விழுந்தது. ஏழாவது கூட்டம் வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டோம். ஆடி மாசக் காற்று. கப்பல் தொட்டில் மாதிரி லேசாக ஆடிக்கொண்டே இருந்தது, யாருக்கும் வாந்தி வரவில்லை. போன்கள் வேலை செய்யவில்லை, நாலையும் ஒரே கைப்பையில் போட்டுவைத்தோம். மூன்று மணிக்குக் காப்பி யார் போடுவது, மோட்டார் போட்டோமா, பால்காரர் வந்தாரா என்று எந்த நினைப்பும் இல்லை. கணக்கு கொண்டுவந்த மக்ரூனைக் கொறித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தோம். பழைய ஹெச்.எம்.மின் சைக்கிள் கதையை பி.டி. நடித்துக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அப்படிச் சிரித்தேன், தம்பி. சிரித்து முடித்ததும் அப்பா நினைவு வந்தது.

மேஜை துடைக்க வந்த பையனுக்கு உன் வயசு இருக்கும். ஏறி ஏழு மாசம் என்றான். அம்மாவிடம் பேசுவாயா என்றேன். தினமும் என்றான். நீயும் தினமும் பேச வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சரக்குக் கப்பல் வேறு, உன் வேலை வேறு, எனக்குத் தெரியும். ஆனால் போன தடவை சைன் ஆஃப் ஆகிக் கப்பலை விட்டு இறங்கி, மும்பையில் கோர்ஸ் என்று இரண்டு மாதம் இருந்தாய். வீட்டுக்கு வந்தது நாலு நாள். அந்த நாலு நாளும் மாடியிலேயே இருந்தாய். அப்பாவின் பச்சைப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. தொடர்ந்து பதினோரு மாதத்துக்கு மேல் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாமே. உனக்கு இது ஒன்பதாவது மாதம்.

மத்தியானம் கணக்கு சும்மாதான் கேட்டாள், இப்போது வீட்டில் ஏதாவது ஒன்று என்றால் நமக்கு எப்படித் தெரியும் என்று. அதெல்லாம் கப்பலுக்குச் சாட்டிலைட் போன் உண்டு, சொன்னால் கேப்டன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார் என்றாள் பி.டி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். ஏனென்றால் அவர்களிடமும் நான் நடுக்கடல் என்றுதான் சொல்லியிருந்தேன். பிள்ளை நடுக்கடலில் இருக்கிறான், சொல்லி என்ன செய்ய என்று.

இரவு தூக்கம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன், உன் 12-4 வாட்ச் நேரம். காலை வெறும் தரையில் வைத்தால் கீழே இன்ஜின் அதிர்வது தெரிந்தது. நாலு மணி வரை அப்படியே இருந்தேன். அப்போதுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது பதினேழு நாள். ஐந்தாம் நாள் நீ போன் செய்தாய். சிங்கப்பூரில் நிற்கிறோம் அம்மா, இரண்டு நாள் இருப்போம், சிக்னல் நன்றாக இருக்கிறது என்றாய். அப்பா எங்கே என்றாய். தூங்குகிறார் என்றேன். நான் பேசியது ஐ.சி.யு. வாசலில் நின்று. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ அப்பாவோடு பேசியிருப்பாய். அவருக்குப் பதினோராம் நாள் வரை நன்றாக நினைவு இருந்தது.

அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார், பரீட்சைக்குக் கணக்காகிற உன் ஸீ டைம், அந்தக் கப்பல் நாட்கள், கெடக் கூடாது என்றார் என்று உன்னிடம் சொன்னேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை. தினமும் உன்னைத்தான் கேட்டார். தம்பிக்குச் சொன்னாயா, எங்கே நிற்கிறானாம் என்று கேட்டார். சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறான் என்று அவரிடமும் பொய் சொன்னேன். அத்தையிடமும் சித்தப்பாவிடமும் சத்தியம் வாங்கினேன். அவர்கள் மேல் கோபப்படாதே.

ஏன் என்று கேட்டால், உன் வேலை, உன் பரீட்சை என்று எல்லோருக்கும் சொன்னேன். அது உண்மை இல்லை. உன்னைக் கூப்பிட்டுவிட்டால் அப்பா பிழைக்க மாட்டார் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். நீ வராத வரைக்கும் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று இருந்தேன். அவ்வளவுதான் காரணம். அப்பாவோடு பேசுகிற அந்தக் கடைசி நாட்களை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

உனக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் மும்பையில் இரண்டு மாதம் இருக்க மாட்டாய்.

பதில் எழுத வேண்டும் என்றில்லை. உன் இடத்துக்கு ரிலீவர் வருகிற தேதி தெரிந்தால் மட்டும் சொல். கோபத்தோடு வந்தாலும் வா, வந்து கத்து. மறுபடியும் கோர்ஸ் இருக்கிறது என்றால் நான் மும்பைக்கு வருகிறேன், எனக்கு இப்போது தனியாகப் போக வரும். பச்சைப் பெட்டிச் சாவி பூஜை அலமாரியில், பழைய இடத்திலேயே இருக்கிறது. நானும் திறக்கவில்லை.

காதுக்கு மஃப் போட்டுக்கொள். வேர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடாதே.

உன் அம்மா