அதிகாலைப் புறக்கோட்டையில் வன்னிப் பயணிக்கு ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் வார இதழில் வாசகர்கள் எழுதிவரும் கொழும்புப் பயண அனுபவங்களைத் தவறாமல் வாசித்து வருகிறேன். காலிமுகத்திடலில் பிள்ளைகளோடு பட்டம் விட்டதையும், தாமரைக் கோபுரத்தில் ஏறித் துறைமுக நகரைப் பார்த்ததையும், செட்டியார் தெருவில் கடை கடையாக ஏறித் தாலிக்கொடி பார்த்ததையும் அவர்கள் அழகாக எழுதியிருந்தார்கள். ஆனால் வன்னியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் கொழும்பைப் பார்ப்பதற்காகப் போகிறவர்கள் அல்லர். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக் உள்ளவர், கண் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர், விசாவுக்குக் கைரேகை வைக்க வேண்டியவர், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் மகளைக் கட்டுநாயக்காவில் வழியனுப்ப வந்தவர் என்று, ஏதோ ஓர் அலுவலுக்காக அந்நகருக்குள் நுழைந்து, அது முடிந்த கையோடு இரவு பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய அனுபவமும் தங்கள் பத்திரிகையில் பதிவாக வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பகுதியில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் உறுப்பினர். ஓரளவு சிங்களம் பேசத் தெரிந்தவள் என்பதால், துணைக்கு ஆள் இல்லாத நோயாளருடன் கொழும்பு வைத்தியசாலைகளுக்குப் போய்வரும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையிலும் சிகிச்சை உண்டு. எங்கள் பகுதி மக்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். ஆனாலும் மகரகமவுக்கு என்று வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால், கடன் பட்டாவது போகத்தான் வேண்டும்.

முல்லைத்தீவிலிருந்து மாலையில் புறப்படும் பஸ் புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்தில் ஏ-9 வீதியில் ஏறி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று இரவு முழுவதும் ஓடி, விடிவதற்கு வெகு முன்னரே கொழும்புப் புறக்கோட்டையில் ஆட்களை இறக்கிவிடுகிறது. அலுவலகங்கள் திறப்பது எட்டரை மணிக்கு. இடையில் கிடக்கும் அந்த நான்கைந்து மணித்தியாலங்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். ஏனென்றால், கொழும்புப் பயணத்தில் எங்கள் மக்களை உண்மையாகவே உடைத்துப் போடுவது பஸ்ஸின் குலுக்கலோ வைத்தியசாலையின் நெரிசலோ அல்ல. போய் இறங்கியும் ஒதுங்க இடமில்லாத அந்த நேரம்தான்.

சென்ற மாரி காலத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவுடன் போயிருந்தேன். மார்பில் சத்திரசிகிச்சை செய்து, புண் முழுவதும் ஆறாத உடம்பு. பஸ்ஸால் இறங்கியபோது தூறல் பிடித்திருந்தது. பூட்டிய கடையொன்றின் படிக்கட்டில், கிளினிக் கொப்பியும் ஸ்கான் படங்களும் இருந்த பையை நனையவிடாமல் மடியில் அணைத்துக்கொண்டு அமர்ந்தார். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்கவும் வழியில்லை. தேடிப்போன மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. அவருடைய புண் கட்டு பயணத்தில் நெகிழ்ந்து, சட்டையில் கசிந்திருந்தது. சுவர் மூலையொன்றில் நான் ஒரு சேலையைத் திரையாகப் பிடிக்க, போத்தல் தண்ணீரில் முகத்தையும் கையையும் கழுவி, கட்டைச் சரிசெய்து, வேறு சட்டை மாற்றினார். "வீட்டிலெண்டா கிணத்தடியில ரெண்டு வாளி அள்ளி வாத்திட்டு வெளிக்கிட்டிருப்பன் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் வைத்தியர் முன்னால் அழுக்கோடு போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் அந்தக் குரலில் இருந்தது. அந்நேரத்தில் கைவண்டியோடு வேலைக்கு வந்த சிங்கள நாட்டாமைத் தொழிலாளி ஒருவர், வண்டியில் கிடந்த காட்போட் அட்டையை எடுத்துப் படிக்கட்டில் விரித்து, "அம்மே, வாடிவென்ன" என்று அவரை அதில் இருக்கச் செய்துவிட்டுப் போனார். அந்த மனிதரின் நல்ல மனதுக்கு நன்றி சொல்கிறேன். அதேவேளை, ஒரு நோயாளிக்கு ஒரு மாநகரத்தில் கிடைத்த வரவேற்பு அந்த ஒரு காட்போட் அட்டையாக மட்டும் இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

லொட்ஜ் எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அன்று அதற்கும் முயன்றோம். ஓரிடத்தில் மூன்று மணித்தியாலங்களுக்கு முழுநாள் வாடகை கேட்டார்கள். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது கட்டாது. இன்னோரிடத்தில் அடையாள அட்டையை வாங்கி விலாசத்தை வாசித்துவிட்டு, அறை இல்லை என்றார்கள். அதைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் மாறிய விதம் எனக்கு விளங்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் அதிகாலையில் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பியதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டே அதை நிறுத்தியதையும் எங்கள் பகுதியில் முதியவர்கள் எவரும் மறக்கவில்லை. இன்று அந்நிலை இல்லை. ஆயினும் விடுதி வாசலில் அடையாள அட்டையை நீட்டும்போது எங்கள் ஆட்களின் கை இன்னமும் தயங்குகிறது.

வெள்ளவத்தையில் உறவினர் இல்லையா என்பது இன்னொரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களுக்கு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கிக் குளித்துச் சாப்பிட ஒரு வீடு இருக்கிறது. வன்னியில் தோட்டத்தையும் வயலையும் நம்பி வாழ்கிற, பல முறை இடம்பெயர்ந்து வெறுங்கையோடு மீள்குடியேறிய குடும்பங்களுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. இந்த வித்தியாசத்தை நாங்கள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொழும்புக்குப் போவதே பெரும்பாடாக இருந்த காலத்தையும் நாங்கள் கண்டவர்கள்தான். 1990இல் யுத்தத்தால் வடக்குக்கான புகையிரதம் நின்றது. பின்னர் பாஸ் எனும் பயண அனுமதி எடுத்துப் போன வருடங்கள். 2002இல் ஏ-9 வீதி திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட வேதனை. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் திரும்பி வந்தபோது, மாங்குளத்து நிலையத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போனார்கள். வழி திறந்துவிட்டது. வந்து இறங்கியவருக்கு ஓர் இடம்தான் இன்னும் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமை 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தில் இருக்கிறது. எங்கள் ஆட்களோ இலக்கத்தைக் கொண்டுதான் நகரத்தைப் படிக்கிறார்கள். மகரகமவுக்கு 138, காலி வீதியால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக்கு 100 அல்லது 101 என்று நான் துண்டில் எழுதிக் கொடுத்தனுப்புவேன். பஸ் நடத்துநர் கூப்பிடும் ஊர்ப்பெயர்கள் காதில் விழுந்தாலும் பிடிபடாதவர்களுக்கு அந்த இலக்கமே துணை. வைத்தியசாலையில் இலக்கமும் காப்பாற்றாது. ஏனெனில் அங்கே இலக்கத்தைச் சிங்களத்தில் கூப்பிடுகிறார்கள். கதிரையில் முன்வரிசையில் இருந்தபடியே தன் முறை போனது தெரியாமல் பிற்பகல்வரை காத்திருந்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன். அதே இடத்தில், தமிழில் ஒன்று முதல் நூறு வரை எண்ணப் பழகி வைத்திருந்த சிங்களத் தாதி ஒருவரையும் கண்டேன். அவர் கடமையில் இருந்த நாளில் எவருக்கும் முறை தவறவில்லை. ஒரு தாதி தன் விருப்பத்தால் செய்ததை ஒரு நிர்வாகம் ஒழுங்காகச் செய்ய முடியாதா? இலக்கத்தைக் காட்டும் மின்பலகை ஒன்று வைத்தாலே பாதித் துயர் தீரும்.

கொழும்பு எங்களுக்குத் துயரத்தை மட்டும் தருகிறது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அலுவல் சீக்கிரம் முடிந்த நாட்களில் நோயாளரை நான் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் கூட்டிவருவதுண்டு. தண்டவாளத்தை ஒட்டியே கடல் கிடக்கும். முல்லைத்தீவுக் கடலில் சூரியன் எழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அது கடலுக்குள் இறங்குவதை அந்தப் பெட்டியின் கதவோரம் நின்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். பலருக்கு அன்றைய நாளின் ஒரே சந்தோசம் அதுதான்.

இனி, நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பயணிக்கு இடம் கொடுப்பது எங்கள் மக்களுக்குப் புதிய விடயம் அல்ல. தெருவோரத்தில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் கட்டி வைத்தவர்கள் எங்கள் முன்னோர். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து வருகிறவருக்கு வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் இருக்கிறது; முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்காமல் போகிற வாகனம் அரிது. அந்த வழமையைக் கொழும்பில் ஓர் இடத்தில் தொடர முடியும். புறக்கோட்டை பஸ் நிலையங்களிலிருந்தோ கோட்டை புகையிரத நிலையத்திலிருந்தோ நடந்து போகக்கூடிய தூரத்தில், விடிகாலை மூன்று மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடுகிற ஒரு மண்டபம் போதும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாகக் குளியலறையும் மலசலகூடமும், முதுகு சாய்க்க வாங்குகளும், பையைப் பூட்டி வைக்க ஓர் அலுமாரியும், புண் கட்டு மாற்ற ஒரு சிறிய அறையும், இரு மொழியும் தெரிந்த ஒருவரும் அங்கே இருந்தால், எங்கள் மக்களின் கொழும்புப் பயணம் முற்றாக வேறொன்றாகிவிடும். இலவசமாகக் கேட்கவில்லை. நியாயமான கட்டணத்தை எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள். அது தமிழருக்கு மட்டும் உரிய இடமாகவும் இருக்க வேண்டியதில்லை. பதுளையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் இரவு பஸ்ஸில் வரும் சிங்களத் தாய்மாரும் அதே விடிகாலையில் அதே தெருவில் நிற்பதை நான் பார்க்கிறேன்.

கொழும்பு மாநகர சபை இதைச் செய்யலாம். அது நடக்கும்வரை, செட்டியார் தெருவிலும் கொச்சிக்கடையிலும் உள்ள கோயில் அறங்காவலர்களும், அப்பகுதியின் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும், தமிழ் வர்த்தகப் பெருமக்களும் மனம் வைத்தால், பூசை நேரத்துக்கு முன் வெறுமனே கிடக்கும் மண்டபமொன்றைத் திறந்துவிடுவது பெரிய காரியம் அல்ல. திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கும் கைகள் அவை. அந்தக் கொடையில் ஒரு சிறு பங்கு இதற்கும் வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வைத்தியசாலை நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். அருகில் வசிப்பவரும் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து வருபவரும் காலையில் ஒரே வரிசையில் நின்று இலக்கம் எடுக்க வேண்டியிருப்பதால்தான் எங்கள் ஆட்கள் இரவோடிரவாக ஓடி வருகிறார்கள். வட, கிழக்கு, ஊவா மாகாணங்களில் இருந்து வருவோருக்குப் பத்து மணிக்குப் பிந்திய நேரத்தை ஒதுக்கி, அதைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொடுத்தால், பகலில் வந்து சேரவும் பலருக்கு வழி பிறக்கும். பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதா என்பதைத் தொலைபேசியில் கேட்டறியும் வசதியும் வேண்டும். வந்த பிறகு "ரிப்போட் இன்னும் வரேல்லை, அடுத்த கிழமை வாங்கோ" என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் அருகில் இருந்து இரவு பஸ்ஸில் ஊர் திரும்புவது மிகவும் கடினமானது. அவருக்கு ஆறுதலாக என்ன சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை.

தனியார் பஸ் உரிமையாளர் சங்கங்கள் முல்லைத்தீவு, மல்லாவி, கிளிநொச்சியில் இருந்து ஒரு சேவையையாவது இரண்டு மணித்தியாலம் பிந்திப் புறப்படச் செய்யலாம். ஆறு மணிக்கு வந்து இறங்குகிறவருக்குத் தெருவில் வெளிச்சம் இருக்கும். தேநீர்க் கடை திறந்திருக்கும். பெண்கள் அச்சமின்றி நடக்கலாம். இது பணம் தேவைப்படாத மாற்றம் என்பதால் முதலில் இதையே எதிர்பார்க்கிறேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டச் செயலகங்கள் பஸ் உரிமையாளர்களையும் சுகாதார அதிகாரிகளையும் ஒரே மேசையில் இருத்தி இதைப் பேசினால், எங்கள் சங்கம் போன்ற கிராம அமைப்புகள் யார் யார் எந்தக் கிளினிக்குக்கு எந்த நாளில் போகிறார்கள் என்ற விபரத்தைத் திரட்டிக் கொடுக்க ஆயத்தமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.