கம்பிச் சில்லுகள் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில கிழமைகளாக வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. கண்டி வீதி ஓரமாக எம்.ஜி.பி. என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது; ஒருவர் அதன் வலப்பக்கப் பின் சில்லைப் பிடித்து ஆட்டிக் காட்டுகிறார். "கோண்டாவிலில் சில்லு மாற்றின கார், ஹப்பை இடம் வலம் மாற்றிப் பூட்டிப்போட்டாங்கள்" என்று ஒரு குரல் கேட்கிறது. ஹப் என்பது சில்லு போய் உட்காரும் நடுப் பாகம். கடையின் பெயர் சொல்லவில்லை. ஆனால் கோண்டாவிலில் பழைய கார்களுக்குச் சில்லும் சஸ்பென்சனும் மாற்றுகிறவர்கள் நாங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கனபேர் எங்களுக்கே அந்த வீடியோவை அனுப்பி என்ன நடந்தது என்று கேட்டீர்கள். கேட்டது நல்லது. கேட்காமல் கதையை மட்டும் அடுத்தவருக்கு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறோம். காரின் சொந்தக்காரருக்குச் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. அந்தச் சம்பவத்தில் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. சில்லு கழன்று விழவும் இல்லை. சத்தம் கேட்டதும் ஓட்டியவர் காரை ஓரம் கட்டிவிட்டார்.

கார் லண்டனில் இருக்கும் ஒருவருடையது. குடும்பக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றிவர வேண்டும் என்று, கொழும்பில் வாங்கிய பழைய எம்.ஜி.பி.யை எங்களிடம் விட்டார். அது சாதாரண இரும்புச் சில்லோடு வந்த கார். அதை, சைக்கிள் சில்லுபோலக் கம்பிகள் தாங்கும் கம்பிச் சில்லுக்கு மாற்றினோம், சஸ்பென்சன் முழுவதையும் திரும்பச் செய்தோம். இந்தக் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் செய்யப்பட்டது. இரும்புச் சில்லு, கம்பிச் சில்லு என்று இரண்டு விதமாகவும் வந்தது. இரண்டுக்கும் பின் ஆக்சில், அதாவது பின் சில்லுகள் பூட்டும் அச்சு, ஒன்றல்ல. கம்பிச் சில்லின் ஹப் வெளியே நீண்டிருப்பதால், அந்தக் காருக்கு ஆக்சிலையே அகலம் குறைத்துச் செய்தார்கள். இரும்புச் சில்லுக் காரின் ஆக்சிலில் பல் வெட்டிய ஹப்பை மேலே பூட்டியும் கம்பிச் சில்லு போடலாம், செலவு குறைவு. ஆனால் சில்லு வெளியே தள்ளி நிற்கும். ஆள் ஏறிப் பள்ளத்தில் விழுந்தால் ரயர் மட்காட்டில் உரசும். இரும்புச் சில்லைப் பூட்டும் ஆணிகளான பழைய ஸ்டட்டுகளையும் கட்டையாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சில்லு சரியாக உட்காராது. இந்தக் காருக்கு நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கம்பிச் சில்லுக் காரின் முழு ஆக்சிலையே சொந்தக்காரர் அங்கிருந்து கப்பலில் அனுப்பினார், அதைத்தான் பூட்டினோம்.

இனி அந்த ஹப் கதை. எங்களுக்கு மிகவும் நொந்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம், பொறுத்து வாசியுங்கள்.

கம்பிச் சில்லுக்கு நாலு நட் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட், அதற்கு இரண்டு காது. சில்லின் நடுத் துளையில் உள்ளே பல் வெட்டியிருக்கும், ஹப்பில் வெளியே அதே பல். என்ஜினின் இழுவையையும் பிரேக்கின் பிடியையும் தாங்குவது அந்தப் பல். நட்டின் வேலை, சில்லை ஹப்பின் கூம்பில் அசையாமல் இறுக்கிப் பிடிப்பது. இடப்பக்க ஹப்பில் வழக்கமான மரை. வலப்பக்க ஹப்பில் எதிர்ப்பக்கம் திரும்பும் மரை. சைக்கிளின் இடப்பக்கப் பெடலில் மரை எதிராகத் திரும்புவது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் காரில் அது வலப்பக்கம். நினைவில் வைக்க ஒரே விதி போதும். கார் முன்னுக்குப் போகும்போது சில்லு சுற்றுகிற திசையில் நட்டின் காதைத் தட்டினால் கழரும். அதற்கு எதிர்த் திசையில் தட்டினால் இறுகும். இடப்பக்கமோ வலப்பக்கமோ, விதி ஒன்றுதான். பழைய நட்டுகளில் 'கழற்று' என்று ஆங்கிலத்தில் எழுதி அம்புக்குறியும் போட்டிருப்பார்கள்.

ஹப்பை இடம் வலம் மாற்றிப் பூட்டினால், ஓட ஓட நட் தானாகவே இளகும். அது உண்மை. அதனால்தான் அந்தக் குரல் சொன்னது கேட்பவர்களுக்குச் சரிபோலப் படுகிறது. ஆனால் ஒரு பக்க ஹப் மாறினால் மற்றப் பக்கமும் மாறித்தானே இருக்க வேண்டும்? அந்தக் காரின் இடப்பக்கப் பின் சில்லு ஒரு நூலளவும் அசையவில்லை. அன்றைக்கே பாரவண்டி கொண்டுபோய்க் காரை ஏற்றிவந்தோம். சொந்தக்காரரின் தமையனை முன்னால் வைத்துக்கொண்டே சில்லைக் கழற்றினோம். வலப்பக்க ஹப்பில் எதிர்மரை, இடப்பக்க ஹப்பில் நேர்மரை. இருக்க வேண்டியபடியே இருந்தன. படம் எடுத்து வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். ஹப்பையே கையில் எடுத்தும் பார்க்கலாம்.

அப்படியானால் ஏன் இளகியது? வழியில் அந்தச் சில்லுக்குக் காற்றுப் போயிருக்கிறது. கம்பிச் சில்லுக்குள் ரியூப் போட்டுத்தான் ஓட வேண்டும், கம்பி முனைகள் உள்ளே வருவதால் ரியூப் இல்லாமல் காற்று நிற்காது. பஞ்சர் ஒட்டும் கடை ஒன்றில் கழற்றி, ஒட்டி, திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். நாங்கள் நட்டுக்குச் செம்புச் சுத்தியல்தான் பாவிப்போம், காரோடும் ஒன்று கொடுத்துவிட்டோம். திரும்பி வந்த நட்டின் காதுகளில் இரும்புச் சுத்தியல் அடித்த தழும்புகள் இருந்தன. எல்லாம் கழற்றும் பக்கத்து முகத்தில். இறுக்கும் பக்கத்து முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. கழற்றும்போது எந்தத் திசையில் அடித்தார்களோ, பூட்டும்போதும் அதே திசையில்தான் அடித்திருக்கிறார்கள். நட் இறுகவே இல்லை. சில்லு ஆடி ஆடி ஓடியதில் பல்லெல்லாம் கூராகத் தேய்ந்துவிட்டது.

அந்தக் கடைக்காரரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. இப்படி ஒரு நட்டை அவர் முன்னே பின்னே கண்டிருக்கமாட்டார். ஏழெட்டுச் சில்லு கழற்றிப் பூட்டுகிற அவசரத்தில் எல்லா நட்டையும்போலத்தான் இதையும் நினைத்திருப்பார். காரைக் கொடுக்கும்போது சொந்தக்காரருக்கு எல்லாம் விளக்கமாகச் சொன்னோம், அவர் தன் கையாலேயே இறுக்கியும் பார்த்தார். அன்றைக்கு ஓட்டியது வேறு ஆள். இனிமேல் எங்களிடமிருந்து போகும் ஒவ்வொரு கம்பிச் சில்லுக் காரின் டிக்கிக் கதவின் உள்ளேயும், எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று தமிழில் படத்தோடு ஓர் அட்டை ஒட்டியிருக்கும். ஏற்கெனவே கொண்டுபோனவர்களும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பிச் சில்லு வைத்திருப்பவர்கள் இதையும் செய்யுங்கள். காரை எடுக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஓட்டாதீர்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, சில்லை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பல் தேய்ந்திருக்கிறது. புதிதாகப் பூட்டிய சில்லைக் கொஞ்ச மைல் ஓடியபின் ஒருமுறை திரும்பத் தட்டிப் பார்க்க வேண்டும். பல்லிலும் கூம்பிலும் கிறீஸ் இருக்க வேண்டும். லண்டனிலிருந்து மச்சான் கொண்டுவந்தார் என்று நட்டைத் தனியாக வாங்கிப் போடாதீர்கள். அங்குலத்துக்கு 8 மரை, அங்குலத்துக்கு 12 மரை என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாறிப் போட்டால் மரை பிய்ந்துவிடும். பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் ஓடுகிறவர்கள் கம்பிகளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பு சும்மா விடாது.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, நீங்கள்தான் எங்களிடம் கூடுதலாக வருகிறவர்கள். மைனரின் நாலு ஸ்டட்டும் இருக்கும் வட்டத்தின் குறுக்களவு 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். சின்ன ஜப்பான் கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீற்றர். அந்த அலோய் சில்லுகள் கையால் தள்ளினால் மைனரில் ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டு "ஏறுதுதானே, போடுங்கோ" என்கிறீர்கள். ஏறும், ஆனால் நட் கூம்பில் நேராக உட்காராது, ஸ்டட் வளைந்தபடியே ஓடும். ஒருநாள் முறியும். நாங்கள் அதைப் போடமாட்டோம் என்று சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். இனியும் போடமாட்டோம். எம்.ஜி.பி.யில் அந்த அளவு நாலரை அங்குலம், 114.3 மில்லிமீற்றர். அதே அளவில் ஜப்பான் சில்லுகள் உண்டு. அப்போதும் நடுத் துளையும் சில்லின் உட்பக்கத் தூரமும் பொருந்துகிறதா என்று அளந்துதான் போட வேண்டும்.

சஸ்பென்சன் பற்றியும் ஒரு குறை காதில் விழுந்தது. "குழாய் சொக்குக்கு மாற்றக் காசு வாங்கிவிட்டுப் பழைய சொக்கை அப்படியே விட்டுவிட்டார்கள்" என்று. சொக் என்பது பள்ளத்தில் விழும்போது காரின் ஆட்டத்தை அடக்கும் பாகம். எம்.ஜி.பி.யின் முன்பக்கத்தில் பழைய லீவர் சொக்கின் கைதான் சில்லைத் தாங்கும் மேல் கையும். அதைக் கழற்றி எறிந்தால் சில்லு நிற்க இடமில்லை. அதனால் பழையதின் உள் வால்வை எடுத்துவிட்டு, கையை மட்டும் வேலை செய்ய விட்டு, பக்கத்தில் குழாய் சொக்கைப் பூட்டுவார்கள். இந்த மாற்றத்துக்கு வரும் சாமான்கள் பெரும்பாலும் அப்படித்தான். பழையது அங்கே இருக்க வேண்டும், அதனால் இருக்கிறது. எங்களைக் கேட்டால், நல்லபடி திருத்திய லீவர் சொக்கே எங்கள் ஒழுங்கைகளுக்குப் போதும். காரின் உயரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். 1974இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது அந்தக் காரின் உயரத்தைக் கூட்டினார்கள். அதைப் பழைய உயரத்துக்கு இறக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால், பாடசாலை வாசல் மேடு ஒவ்வொன்றிலும் சைலன்சர் அடிபடும்.

எங்களோடு சின்ன வயதில் வந்து சேர்ந்து, லேத்தும் கம்பி நேர் பார்க்கும் வேலையும் படித்த தம்பி குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். கம்பி ஒவ்வொன்றையும் விரலால் தட்டிச் சத்தத்திலேயே இறுக்கம் சொல்லும் கை அது. அவருடைய பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகப் போனார், மனதார வாழ்த்தி அனுப்பினோம். இன்னொருவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அதுவரை கோணிய கம்பிச் சில்லுகளை நேராக்கக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்து, வேலையை முன்கூட்டியே தாருங்கள்.

விலைவாசி உங்களுக்கும் தெரியும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அந்த ஆண்டே 360ஐத் தொட்டது. கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 தையில் வற் வரி 18 வீதமானது. எங்கள் சாமான் எல்லாம் பவுணில் வாங்குவது, அதற்கு மேல் கப்பல் கூலி, தீர்வை. இவ்வளவு காலமும் கூலியில் கை வைக்காமல் சமாளித்தோம். அடுத்த மாதத்திலிருந்து கூலி காற்பங்கு கூடும், வேலை தொடங்கும்போது பாதிப் பணம் தர வேண்டும். கொழும்புக்கு அனுப்பும் சில்லின் செலவு தனி.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40களையும் மைனர்களையும் எங்களை நம்பித்தான் விட்டீர்கள். கொழும்புப் பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த ஆண்டுகளில், சாமான் வரும்வரை முகம் சுளிக்காமல் காத்திருந்தீர்கள். அப்பாவின் காரை மகனும் இங்கேதான் கொண்டுவருகிறார். இந்த வீடியோ வந்த பிறகும் "எங்கட காரை நீங்கள்தான் செய்ய வேணும்" என்று வாசலில் வந்து சொன்னவர்களை மறக்கமாட்டோம். ஒரு ஐயா, தன் மைனரை அன்றைக்கே கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாவியையும் தந்துவிட்டு பஸ்ஸில் போனார். உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

யார் பூட்டிய கம்பிச் சில்லாக இருந்தாலும் சரி, சனிக்கிழமை காலையில் கொண்டுவாருங்கள். நட், பல், மரை மூன்றையும் பார்த்துத் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம். எதிர்மரை நட்டைப் பூட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் பஞ்சர் கடைத் தம்பிமாரும் அதே நேரத்தில் வரலாம்.

இப்படிக்கு,
உரிமையாளரும் வேலையாட்களும்
கோண்டாவில், யாழ்ப்பாணம்