மாஸ்க் தளர்ந்தால் பிளானும் மாற வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புற்றுநோயாளியின் உடல்நிலையைப் பார்த்து கதிர்வீச்சு பிளானை, அதாவது எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்ற கணக்கை, அன்றன்றைக்கே மாற்றிக்கொள்ளும் நவீனக் கருவிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதைப் படிக்கும் ஒரு நோயாளியின் குடும்பம், அந்த மெஷின் இல்லாத ஊரில் வைத்தியம் பார்ப்பதே வீண் என்று நினைத்துவிடக் கூடும். நான் அரசு மருத்துவமனை ஒன்றின் கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன். இருக்கிற வசதியை வைத்தே செய்யக்கூடிய மாற்றத்தைக்கூட நாம் ஒழுங்காகச் செய்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வாரம் 5 நாள் வீதம் ஆறேழு வாரம் கதிர் கொடுப்போம். தொடங்கும் முன் வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி ஒரு மாஸ்க் செய்து, அதோடு சிடி எடுத்து, அந்தப் படத்தின் மேல்தான் முழுச் சிகிச்சைக்கும் பிளான் போடுகிறார்கள். முதல் வாரம் மாஸ்க்கைக் கழற்றினால் கன்னமெல்லாம் வலைத் தடம் இருக்கும். நான்காவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் இளைத்துப்போயிருப்பார். மாஸ்க்குக்கும் தாடைக்கும் நடுவே என் இரண்டு விரல் தாராளமாகப் போகும். "முன்ன மூச்சு முட்டும் சார், இப்ப சுகமா இருக்கு" என்பார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவதே அந்தச் சுகம்தான்.

வெளியே தெரிவது இவ்வளவு. உள்ளே கட்டி சுருங்கியிருக்கும், காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சுருங்கி உள்பக்கமாக நகர்ந்திருக்கும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 14 நோயாளிகளுக்குச் சிகிச்சை நடக்கும்போதே வாரம் 3 முறை சிடி எடுத்துப் பார்த்து, 2004இல் இதை வெளியிட்டார்கள். எடை குறையக் குறையச் சுரப்பியின் நகர்வும் கூடியது. பிளான் மட்டும் பழையபடியே ஓடினால், ஒதுக்கிக் காப்பாற்ற நினைத்த சுரப்பி கதிரின் பாதைக்குள் வந்துவிடக் கூடும். அப்புறம் ஆயுசுக்கும் வாய் வறட்சி தங்கிவிடலாம்.

சிகிச்சையின் நடுவே பிளானைத் திருத்தும் முறையை அமெரிக்காவின் மிச்சிகனில் டி யான் என்பவரும் உடனிருந்தோரும் 1997லேயே எழுதிவிட்டார்கள். நோயாளியை மேஜையில் படுக்கவைத்தபடியே பிளானை மாற்றும் கருவிகள் பிறகு வந்தவை. நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் எம்ஆர்ஐயையும் கதிர் பாய்ச்சும் மெஷினான லீனாக்கையும் ஒன்றாகச் சேர்த்த கருவியில் 2017இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 2014இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் லீனாக்குக்குப் பதில் கோபால்ட் கதிரை எம்ஆர்ஐயோடு சேர்த்த கருவி வேலைக்கு வந்துவிட்டது. அதைத் தயாரித்த வியூரே நிறுவனம் 2023 ஜூலையில் திவால் மனு போட்டது. கோடிகளைக் கொட்டி வாங்குகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கட்டுரையைப் படித்தால் எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. உண்மையில் அன்றைய படம் வந்ததும் கட்டி எது, குடல் எது என்ற கோடுகளை டாக்டர் சரிபார்க்க வேண்டும், புதுக் கணக்கை மருத்துவ இயற்பியலாளர் சோதிக்க வேண்டும். எம்ஆர்ஐ கருவியில் இதற்கெல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவரை நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும். புராஸ்டேட் நோயாளி என்றால் அதற்குள் சிறுநீர்ப்பை நிரம்பி, சற்றுமுன் எடுத்த படமே பழசாகிவிடும். காலையிலிருந்து பெஞ்சில் காத்திருக்கும் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது எப்படி?

பலன் இல்லை என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 156 புராஸ்டேட் நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், எம்ஆர்ஐயில் நேரடியாகப் பார்த்தபடி கதிர் கொடுத்தபோது, குறி தவறாமல் இருக்கச் சுற்றிலும் கூடுதலாகச் சேர்க்கும் ஓரத்தை 4 மில்லிமீட்டரிலிருந்து 2 ஆகக் குறைக்க முடிந்தது. சிகிச்சையை ஒட்டி வரும், மிதமானதும் அதற்கு மேலானதுமான சிறுநீர்த் தொந்தரவு சிடி வழியில் 43 சதவீதம், எம்ஆர்ஐ வழியில் 24. ஆனால் அதே ஆண்டு பிரான்சிலிருந்து வந்த முடிவையும் சொல்ல வேண்டும். தொண்டைப் புற்றுநோயாளிகள் 132 பேரில் பாதிப் பேருக்கு வாரந்தோறும் பிளானை மாற்றினார்கள், மீதிப் பேருக்கு ஒரே பிளான். ஒரு வருடம் கழித்து உமிழ்நீரை அளந்தால் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது வீண் உழைப்பு என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். யாருக்கு மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்கு எடை பார்க்கும் மெஷினும், மாஸ்க் போடுகிறவரின் விரலும் நல்ல தொடக்கம்.

நான் இருந்த இடத்தில் நடந்தது இதுதான். மாஸ்க் லூஸ் என்று டாக்டரிடம் சொல்வோம், அவரும் மறு சிடிக்கு எழுதுவார். சிடிக்கு வரிசை, பிளான் போட்டுத்தர இருந்ததோ ஒரே இயற்பியலாளர். புது பிளான் கைக்கு வரும்போது பாக்கி இருந்தது கடைசி சில நாள் என்ற கதையெல்லாம் உண்டு. இங்கே முட்டுக்கட்டை மெஷின் இல்லை, ஆள் பற்றாக்குறை. எடை வேகமாக இறங்கினாலோ மாஸ்க் தளர்ந்தாலோ மூன்று நாளுக்குள் மறு சிடியும் புது மாஸ்க்கும் பிளானும் என்று ஒரு விதி போட்டு, அதற்கு வேண்டிய இயற்பியலாளர் பணியிடங்களை நிரப்பினாலே எத்தனையோ பேருக்கு வாயில் எச்சில் மிஞ்சும். சாப்பிட முடியாதவருக்கு மூக்கு வழி உணவுக் குழாயைத் தள்ளிப்போடாமல் வைத்தால் மறு பிளானே சிலருக்குத் தேவைப்படாமல் போகலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு கருவியைப் பற்றி எழுதும்போது, அதை ஓட்ட ஒரு நாளைக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியும் என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிர்வீச்சு டெக்னீஷியன் ஒருவர்,
மதுரை