சிரிப்பிலும் கட்சி பார்க்கும் நாடு

கொலம்பஸ், ஒஹாயோ
11.1.2026

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேச்சுரிமையைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கும் நாட்டில், இரவு நேரத்தில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவருடைய நிகழ்ச்சியை ஏன் நிறுத்தினார்கள், நிறுத்தியதை ஏன் ஒரே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஜிம்மி கிம்மல் விவகாரத்தை மட்டும் தனியே எடுத்துச் சொன்னால், அது சென்ற செப்டம்பரில் திடீரென்று முளைத்த வம்பு போலத் தோன்றிவிடும். இதற்கு நீண்ட முன்கதை இருக்கிறது. ஆகவே கடிதமும் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அலுவலகத்தில் எனக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் குடியரசுக் கட்சிக்காரர், மற்றவர் ஜனநாயகக் கட்சிக்காரர். இருவருமே நல்ல மனிதர்கள். பனியில் சிக்கிய என் காரைச் சேர்ந்து தள்ளிவிட்டவர்கள். ஆனால் எங்கோ ஒரு நகைச்சுவைக் கலைஞரோ வானொலிப் பேச்சாளரோ எல்லை மீறிப் பேசிவிட்டால், மறுநாள் மதிய உணவு வேளையில் இவர்கள் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். "அவர் பேசியது தவறு" என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொண்டவர்களை நான் இங்கே அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். உடனே ஓர் "ஆனால்" வந்துவிடும். அதன் பின்னால், எதிர்க்கட்சி சார்ந்த ஒருவர் முன்பு எப்போதோ பேசிய பேச்சு வரும். நம் வீட்டு விசேஷங்களில் மொய் நோட்டைப் புரட்டி, யார் எந்த ஆண்டில் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து அதற்கேற்பத் திருப்பிச் செய்வோம் அல்லவா, அதுபோல இங்கே இரு தரப்பும் அவமதிப்புகளுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கின்றன. அதில் வரவு மட்டும்தான் எழுதப்படும் என்பதுதான் வேறுபாடு.

நான் வருவதற்கு முன்பு, 2012ஆம் ஆண்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். பின்னால் வந்த பல சண்டைகளுக்கு அதுவே அச்சாக இருந்திருக்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த சாண்ட்ரா ஃப்ளூக், கருத்தடை மருந்துக்கான செலவை மாணவர்களின் மருத்துவக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னிலையில் பேசினார். வலதுசாரி வானொலியில் முடிசூடா மன்னராக விளங்கிய ரஷ் லிம்பா, பிப்ரவரி 29 அன்று அந்த மாணவியை, உடலை விற்பவள் என்று பொருள்படும் வசைச் சொற்களால் ஏசினார். அடுத்தடுத்த நாள்களிலும் விடவில்லை. அதிபர் ஒபாமாவே மாணவியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலகத் தொடங்கியபின், மார்ச் 3 அன்று லிம்பா மன்னிப்புக் கேட்டார். நகைச்சுவையாகப் பேச முயன்றபோது சொற்கள் சரியாக அமையவில்லை என்பது அவர் தந்த விளக்கம்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அப்போதுதான் சூடு பிடித்தது. 2008இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சேரா பேலினை, பில் மார் என்ற நகைச்சுவைக் கலைஞர் இழிவான சொற்களால் ஏசியதைக் குடியரசுக் கட்சியினர் எடுத்துப் போட்டார்கள். ஒபாமாவுக்காக இயங்கிய தேர்தல் நிதிக் குழு ஒன்றுக்கு மார் அதே பிப்ரவரியில் 10 லட்சம் டாலர் கொடுத்திருந்ததால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பணம் திரும்பவில்லை. வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் தலைநகரில் நடத்தும் ஆண்டு விருந்தில் பேச இருந்த லூயி சி.கே. என்ற நகைச்சுவைக் கலைஞர், அவரும் பேலினை ஏசியவர் என்று ஃபாக்ஸ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் சுட்டிக்காட்டியதும் தாமாகவே விலகிக்கொண்டார். எந்தத் தரப்பு பெண்களை அதிகம் இழிவுபடுத்துகிறது என்று நாடே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காப்பீட்டைப் பற்றி அந்த மாணவி சொன்னது சரியா தவறா என்று பேச ஆளில்லாமல் போயிற்று. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான், பெரியப்பா. ஏசப்பட்டவர்தான் முதலில் காட்சியிலிருந்து காணாமல் போகிறார். அவர் இரு கட்சிகளுக்கிடையே உள்ள பழைய பாக்கிக்கு ஒரு சாட்சிச் சீட்டாகிவிடுகிறார்.

நான் இங்கு வந்த புதிதில், 2018 மே மாதக் கடைசியில், இதைக் கண்ணாரக் கண்டேன். ஒபாமாவின் ஆலோசகராக இருந்த வேலரி ஜாரட் என்ற கறுப்பினப் பெண்மணியைக் குரங்கோடு தொடர்புபடுத்தி டிரம்ப் ஆதரவாளரான நடிகை ரோசேன் பார் ட்விட்டரில் எழுதினார். அவர் நடித்த தொடரை ஏபிசி தொலைக்காட்சி அன்றைக்கே ரத்து செய்தது. தூக்க மாத்திரை சாப்பிட்டுவிட்டு எழுதியதாக ரோசேன் சொல்ல, இனவெறி தங்கள் மருந்துகள் எதற்கும் பக்கவிளைவாக அறியப்பட்டதில்லை என்று மாத்திரை நிறுவனம் அறிக்கை விட்டது. அந்த வாரத்தின் தரமான நகைச்சுவை அதுதான். மறுநாளே நகைச்சுவைக் கலைஞர் சமந்தா பீ, தம் நிகழ்ச்சியில் அதிபரின் மகள் இவாங்காவைக் கேவலமான ஒரு சொல்லால் ஏசினார். அவரும் மன்னிப்புக் கேட்டார், சில விளம்பரங்கள் போயின, நிகழ்ச்சி தொடர்ந்தது. ரோசேனுக்கு ஒரு நீதி, சமந்தாவுக்கு ஒரு நீதியா என்ற கூச்சல் நாள்கணக்கில் ஓடியது. ஏபிசியின் தாய் நிறுவனமான டிஸ்னியின் தலைவர் ஜாரட்டை அழைத்து வருத்தம் தெரிவித்ததைக் கேட்ட அதிபர் டிரம்ப், ஏபிசியில் தம்மைப் பற்றிப் பேசியதற்கெல்லாம் யார் தம்மை அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள் என்று எழுதினார். ஒரு நாட்டின் அதிபரே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை அன்று பார்த்தேன்.

என் கருத்தில் அந்த இரண்டும் சமமல்ல. ஓர் இனத்தையே விலங்காக்கும் பேச்சுக்கு இங்கே அடிமை முறையின் காலத்திலிருந்து தொடரும் வரலாறு உண்டு. வசைச் சொல் எவ்வளவு கேவலமானாலும் அது ஒருவர்மீது விழும் வசையாகவே நிற்கிறது. ஆனால் இப்படிப் பிரித்துப் பார்க்க முயன்றால் உங்களை உடனே ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்கள் என்பதால், உணவு மேசையில் நான் வாயைத் திறப்பதில்லை.

2024 தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் டிரம்ப் நடத்திய கூட்டத்தில் டோனி ஹிஞ்ச்கிளிஃப் என்ற நகைச்சுவைக் கலைஞர் புவெர்ட்டோ ரிக்கோவை மிதக்கும் குப்பைத் தீவு என்றார். அந்தத் தீவினர் அமெரிக்கக் குடிமக்கள். இரண்டு நாள் கழித்து அதைக் கண்டிக்கப் போன அதிபர் பைடன், குப்பை என்ற சொல்லை டிரம்ப் ஆதரவாளர்கள் பக்கம் திருப்பிவிட்டதாகக் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் டிரம்ப் விஸ்கான்சினில் குப்பை லாரி ஒன்றில் ஏறி உட்கார்ந்து பேட்டி கொடுத்தார். தீவைப் பற்றிய பேச்சு அத்துடன் போயிற்று.

இந்தச் சண்டைகளில் இரு தரப்பாருக்கும் பொதுவான ஒரு தப்பிக்கும் வழி உண்டு. லிம்பா உயிரோடிருந்தபோது, மக்களை மகிழ்விப்பதுதான் தம் தொழில் என்பார். 2004 அக்டோபரில், அரசியல் நையாண்டி நிகழ்ச்சி நடத்திய ஜான் ஸ்டூவர்ட், சிஎன்என் விவாத நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய், நீங்கள் நாட்டைக் கெடுக்கிறீர்கள் என்று தொகுப்பாளர்களை நேருக்கு நேர் சாடினார். நீங்கள் மட்டும் அதிபர் வேட்பாளரிடம் கடினமான கேள்வி கேட்டீர்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது, எனக்கு முந்தைய நிகழ்ச்சியே பொம்மைகள் குறும்பு செய்யும் நிகழ்ச்சிதானே என்று நழுவினார். ஸ்டூவர்ட் எனக்குப் பிடித்தவர். இருந்தாலும் அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பல லட்சம் பேர் அன்றாட அரசியலை இவர்கள் வாயிலாகவே தெரிந்துகொள்ளும்போது, புகழ் வரும்போது அரசியல் விமர்சகராகவும் வம்பு வரும்போது கோமாளியாகவும் மாறிக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

இதற்கெல்லாம் மூலம் எது என்று கேட்பீர்கள். சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைக் கட்டாயப்படுத்திய விதி 1949 முதல் இங்கே நடைமுறையில் இருந்தது. கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1987இல் அதைக் கைவிட்டது. லிம்பாவின் நிகழ்ச்சி 1988இல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. அந்த ஒரு விதிதான் காரணம் என்று சொல்வது மிகை. நேயர்களின் கோபம் நல்ல வியாபாரம் என்பதை அந்த ஆண்டுகளில்தான் இந்தத் தொழில் முழுமையாகக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். சென்ற செப்டம்பர் 10 அன்று, சார்லி கிர்க் என்ற 31 வயது வலதுசாரி இளைஞர் தலைவர், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 15ஆம் தேதி கிம்மல், ஏபிசியில் வரும் தம் நிகழ்ச்சியில், கொலையாளி தங்களைச் சேர்ந்தவன் அல்ல என்று காட்ட டிரம்ப் ஆதரவாளர்கள் துடிக்கிறார்கள், இதை வைத்து அரசியல் ஆதாயம் தேடுகிறார்கள் என்று பேசினார். கொலையாளி அவர்கள் தரப்பினன் என்ற தொனி அதில் இருந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்பதால் அது பொறுப்பற்ற பேச்சு என்றே நான் கருதுகிறேன். 17ஆம் தேதி தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார், இதைச் சுலபமான வழியிலும் முடிக்கலாம், கடினமான வழியிலும் முடிக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இங்கே ஓர் ஏற்பாட்டை விளக்க வேண்டும். ஏபிசி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்களில் பெரும்பாலானவை ஏபிசிக்குச் சொந்தமானவை அல்ல. நெக்ஸ்டார், சின்க்ளேர் போன்ற நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஒளிபரப்பு உரிமம் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே ஆணையத்திடமிருந்து வருகிறது. அந்த நேரத்தில் நெக்ஸ்டார், டெக்னா என்ற நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க ஆணையத்தின் ஒப்புதலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. பிரெண்டன் கார் பேசிய அன்றே நெக்ஸ்டார் கிம்மலை நிறுத்துவதாக அறிவித்தது, சின்க்ளேரும் சேர்ந்துகொண்டது, ஏபிசி நிகழ்ச்சியையே காலவரையின்றி நிறுத்தியது. பிறகு எழுந்த எதிர்ப்பில் பலர் டிஸ்னி சந்தாவை ரத்து செய்தார்கள். டிரம்ப் கட்சியின் செனட்டர் டெட் குரூஸே, காரின் பேச்சு அடியாள் மிரட்டல் போல இருக்கிறது என்றார். 23ஆம் தேதி கிம்மல் திரும்பினார். ஓர் இளைஞனின் கொலையைக் கேலி செய்வது தம் நோக்கமல்ல என்று தழுதழுத்தார். எங்கள் ஊரின் ஏபிசி நிலையம் சின்க்ளேருடையது. ஆகவே நாடு பார்த்த அன்று கொலம்பஸில் அது வரவில்லை, யூடியூபில்தான் பார்த்தேன். 26ஆம் தேதிதான் உள்ளூர் திரை திறந்தது.

விளம்பரதாரர் விலகுவதும் நேயர் சந்தாவை நிறுத்துவதும் ஒரு வகை. உரிமம் கொடுக்கும் கை ஓங்குவது வேறு வகை. இந்நாட்டு அரசியல் சாசனத்தில் 1791இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான், நிறுவனங்களை அல்ல. ஒரு மதபோதகரை மிக ஆபாசமாகக் கேலி செய்த பத்திரிகைக்கே 1988இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனால் கிம்மலை நிறுத்திய வாரத்தில் இந்த வேறுபாடு என் அலுவலக நண்பர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. 2018இல், நிறுவனம் தன் விருப்பப்படி ஆளை நீக்கலாம் என்று வாதிட்டவர் இப்போது பேச்சுரிமைக்காகப் பொங்கினார். பதவியேற்ற அன்றே டிரம்ப் அரசுத் தணிக்கையை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டதைக் கொண்டாடியவர் இப்போது, நிறுவனத்தின் முடிவில் நாம் என்ன சொல்ல முடியும் என்றார். வசனத் தாள்களை இருவரும் கைமாற்றிக்கொண்டது போலத்தான் இருந்தது.

ஸ்டீபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சியும் 2026 மே மாதத்தோடு முடிவதாக அறிவித்தார்கள். பணக் காரணம் என்றது அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி. டிரம்ப் தொடுத்த வழக்கை அதன் தாய் நிறுவனம் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டதை கோல்பேர் லஞ்சம் என்று மேடையில் சொன்ன சில நாள்களில் அந்த அறிவிப்பு வந்தது.

எங்களைப் போன்றவர்களுக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. கிர்க் கொலையைப் பற்றி எழுதியதற்காக ஆறு வெளிநாட்டவரின் விசாவை ரத்து செய்ததாக அக்டோபரில் வெளியுறவுத் துறை அறிவித்தது. டிசம்பர் 15 முதல், எச்-1பி விசா கேட்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். குடிமக்கள் கத்திவிட்டு வேலைக்குப் போய்விடலாம். விசாக்காரர்கள் ஒரு கேலிச் சித்திரத்துக்கு விருப்பக் குறி போடும்முன் இருமுறை யோசிக்கிறோம். இந்த ஆண்டு ஊருக்கு வரும்போது நான் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரை வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே, டிரம்ப்பைப் பற்றி நீங்கள் அனுப்பும் கேலிப் படங்களில் அண்மைக் காலமாக என் பெயரையும் இணைத்து முகநூலில் போடுகிறீர்கள் அல்லவா, அதை மட்டும் முத்திரை கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. நேரில் வரும்போது காட்டுங்கள். பெரியம்மாவையும் உட்கார வைத்துப் பார்ப்போம்.

உங்கள் அன்பு மகள்,
மீனாட்சி