கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்பு மகள் மதிக்கு,

தென்கொரியாவில், சியோலில் இருக்கும் அந்த கே-பாப் இசைக் கம்பெனி உன்னை டிரெய்னியாக, அதாவது மேடையேறும் முன் ஆட்டமும் பாட்டும் பழகுபவளாக, எடுத்துக்கொள்கிறது என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் விசா. உன்னுடைய டி-2 படிப்புக்கானது. சம்பளத்துக்கு மேடை ஏற இ-6 வேண்டும். அதைக் கம்பெனி எப்போது எடுத்துத் தரும் என்று எழுதி வாங்கு.

டிரெய்னி ஒப்பந்தம் வேறு, மேடையேறும் பாடகிக்கான ஐடல் ஒப்பந்தம் வேறு. இரண்டையும் ஒன்றாக நீட்டினால் இரண்டாவதில் கை வைக்காதே. பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பத்தியை முதலில் படி. பயிற்சிச் செலவைப்போல் இரண்டு மூன்று மடங்கு அபராதம் எழுதிவைத்திருந்த கம்பெனிகளை 2017-இல் அங்குள்ள நியாய வணிக ஆணையம் திருத்த வைத்தது. செலவுக்கு மேல் ஒரு வொன்கூட (அந்த ஊர்க் காசு) ஒத்துக்கொள்ளாதே.

டிவிஎக்ஸ்க்யூ என்ற கொரியப் பாடகர் குழுவின் மூன்று பேர் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-இல் நீதிமன்றம் போனார்கள். கம்பெனிகள் பின்பற்றுவதற்கான 7 வருட மாதிரி ஒப்பந்தம் வந்ததும் அதே வருடம்தான். ஆனால் அந்த ஏழு வருடம் கையெழுத்திட்ட நாளிலிருந்தா, முதல் பாட்டு வெளியாகும் நாளிலிருந்தா? தேதியே எழுதியிருக்க வேண்டும்.

பணம்தான் பலரும் ஏமாறும் இடம். ஒரு உதாரணம் போட்டுப் பார்: வரவு 100 கோடி வொன், வீடியோ, உடை, தங்குமிடம், விளம்பரம் எல்லாம் 80 கோடி. மிச்சம் 20. கம்பெனிக்குப் பாதி போக, ஐந்து பேருக்கு ஆளுக்கு 2 கோடி. அதிலும் பயிற்சிச் செலவு பாக்கியைப் பிடித்தால் கைக்கு எதுவும் வராது. ஊரெல்லாம் போஸ்டர் இருந்தும் பிள்ளைகள் கையில் காசில்லாமல் இருப்பது இதனால்தான். செலவு ரசீதுகளைப் பார்க்கும் உரிமை உனக்கு உண்டா என்று கேள்.

பாட்டு வெளியாகும் வாரங்களில் தூக்கத்தை மறந்துவிடு. நாளுக்கொரு டிவி பாட்டு நிகழ்ச்சி: வியாழன் எம் கவுண்ட்டவுன், வெள்ளி மியூசிக் பேங்க், சனி மியூசிக் கோர், ஞாயிறு இன்கிகாயோ. விடியற்காலை ஒளிப்பதிவு என்றால் இரண்டு மூன்று மணிக்கே மேக்கப் நாற்காலியில் உட்கார வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுதான், ஆனால் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவதில் முட்டியும் கணுக்காலும் போய்விடும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காவது வாரம் 35 மணி நேரம் என்று சட்டம் இருக்கிறது. உனக்கு அந்த வேலி கிடையாது, கண்ணு. வாரம் ஒரு நாள் ஓய்வு, காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இரண்டையும் எழுதச் சொல்.

ரசிகர்களின் அன்பு நிஜம். அதைச் சந்தேகிக்காதே. ஆனால் விமான இருக்கை எண்ணைக்கூட விலைக்கு வாங்கிப் பின்தொடரும் சாசெங் கூட்டமும் உண்டு. 2021 அக்டோபரிலிருந்து அங்கே பின்தொடர்வதற்குத் தனித் தண்டனைச் சட்டம் இருக்கிறது. தேதி, நேரம், படம் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு போலீஸிடம் போ. பெயர் கெடும் என்று கம்பெனி சொன்னாலும் போ.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பு. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது, கொரிய மூலமும் வேண்டும். வெள்ளிக்குள் கேட்கிறார்கள் என்றால் அடுத்த வெள்ளி வரை அவகாசம் கேள்.

அன்புடன்,
அம்மா